செம்பும் புண்ணும்

மனிதன் முதன்முதலாகக் கைக்கொண்ட உலோகங்களுள் செம்பும் ஒன்று. நம் நாட்டில் அஃது இல்லந்தோறும் பழகிய பொருள். நீர் முகக்கும் குடமும் பருகும் பாத்திரமும் அதனால் ஆயின; உலோகத்தின் பெயரே கலத்திற்கும் பெயராய் நின்றது. செம்பின் உப்பாகிய மயில்துத்தத்தை நம் வைத்தியர் புண்களுக்கு இடும் மேற்பூச்சு மருந்துகளிற் சேர்த்து வந்தனர். இத்துணைப் பழமை வாய்ந்த பொருள் இந்நாளில் புதியதொரு கோலம் பூண்டு கடைவீதிக்கு வந்துள்ளது. சிறு கண்ணாடிக் குப்பிகளில் நீலநிற நீராக அடைக்கப்பெற்றுக் 'காப்பர் பெப்டைடு' என்னும் பெயரால் அது விற்கப்படுகின்றது. முகத்தின் திரையை மாற்றும், உதிர்ந்த மயிரை மீண்டும் முளைப்பிக்கும், முதுமையைப் பின்வாங்கச் செய்யும் என விளம்பரங்கள் அதனைப் புகழ்கின்றன.

இவற்றைக் காண்போர் பெரும்பாலும் இரு வகையினர் ஆவர். 'விஞ்ஞானிகள் கண்டது' என்னும் ஒரு சொல்லைக் கேட்ட அளவிலே அனைத்தையும் நம்புவோர் ஒரு சாரார். விளம்பரம் என்ற அளவிலே அனைத்தையும் பொய்யென்று தள்ளுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் உண்மையை நழுவ விடுகின்றனர் என்பது எமது கருத்து. இப்பொருளைப் பற்றி ஆராய்ச்சிச் சாலையிற் கண்டது ஒன்று. நோயாளியின் படுக்கையருகிற் கண்டது பிறிதொன்று. கடையிற் சொல்வது வேறொன்று. இம்மூன்றனையும் தனித்தனியே நிறுத்திப் பார்ப்போமாயின், இச்சிறு பொருள் செல்ல வேண்டிய இடம் அழகு நாடுவோரின் மேசையன்று, ஆறாப் புண்ணால் வருந்துவோரின் படுக்கையே என்பதும், அவ்விடத்திற்கு அஃது இன்னும் நேர்மையான தேர்வு பெற்றுச் செல்லவில்லை என்பதும் விளங்கும். இவ்விரண்டையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் செம்பு உடலில் ஆற்றும் தொழிலை அறிதல் வேண்டும். வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் உள்ள செம்பு முழுவதையும் திரட்டினால் ஏறத்தாழ 100 மில்லிகிராம் தேறும். இச்சிறு அளவு குறைந்தாலும் உடல் நிலைகுலையும். 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட் என்பவரும் அவருடைய துணைவரும், இரத்தச்சோகை கொண்ட எலிகளுக்கு இரும்பை மட்டும் ஊட்டினால் சோகை தீராது, செம்பையும் உடன் ஊட்டினாலே தீரும் என்று காட்டினர். 1937-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னெட்ஸ் என்னும் கால்நடை ஆராய்ச்சியாளர், ஆட்டுக்குட்டிகள் கால் தளர்ந்து விழும் நோய்க்குக் காரணம் தாயாடுகளின் உடலில் செம்பு குறைந்தமையே என்று கண்டார். செம்பு குன்றிய ஆடுகளின் மயிர் சுருள் இழந்து கம்பிபோல் ஆவதையும் அந்நாட்டார் அறிந்திருந்தனர்.

அவ்வறிவு பின்னர்க் குழந்தைகளின் நோயொன்றை விளக்க உதவியது. 1962-ஆம் ஆண்டில் மென்கெஸ் என்பவர், மயிர் முறுக்குண்டு எளிதில் ஒடியும் தன்மையோடு மூளையும் கெட்டு இளமையிலேயே இறக்கும் குழந்தைகளைப் பற்றி எழுதினார். காரணம் பத்தாண்டுகள் வரை விளங்கவில்லை. 1972-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்துக் குழந்தை மருத்துவர் டேங்க்ஸ் என்பார், அக்குழந்தைகளின் மயிரும் செம்பு குன்றிய ஆடுகளின் மயிரும் ஒத்திருத்தலைக் கண்டு, இஃது உடல் செம்பை ஏற்க இயலாமையால் வரும் நோயெனத் தெளிந்தார். அக்குழந்தைகளின் தோல் தளர்ந்து தொங்கும். இரத்தக் குழாய்கள் வலுவிழந்து நெளியும். காரணம் யாதெனின், தோலுக்கும் குழாய்களுக்கும் உறுதி தருகின்ற கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதி, செம்பு இன்றித் தொழிற்படாது. இழை இருந்தும் முடிச்சு இல்லையாயின் வலை நில்லாதன்றோ? புண் ஆறுதல் என்பதும் இத்தகைய வலையைப் புதிதாகப் பின்னுதலே. ஆகவே ஆறும் புண்ணிற்குச் செம்பு வேண்டும் என்பது ஐயமற்ற உண்மை.

ஆயினும் குறைவு தீங்கென்றால் மிகுதி நன்மை என்று கொள்ளுதல் கூடாது. கல்லீரலிலும் மூளையிலும் செம்பு தேங்குவதால் வரும் வில்சன் நோய் 1912-ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டது. நம் நாட்டு அனுபவமும் உண்டு. குலைக்கட்டி என்று தாய்மார் அஞ்சிய குழந்தைக் கல்லீரல் நோய் ஒரு காலத்தில் இந்தியக் குடும்பங்கள் பலவற்றை வாட்டியது. அந்நோயுற்ற குழந்தைகளின் கல்லீரலில் செம்பு மிகுந்திருந்தது. 1983-ஆம் ஆண்டில் புனே நகரில் டானர் முதலிய மருத்துவர் செய்த ஆராய்ச்சி, அக்குழந்தைகளுக்கு மிக இளம்பருவத்திலேயே பித்தளைப் பாத்திரங்களிற் காய்ச்சி வைத்த பால் ஊட்டப்பட்டமையைக் காட்டியது. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததாகலின், ஈயம் பூசாத பாத்திரத்தில் பால் செம்பைக் கரைத்தெடுக்கும். எவர்சில்வர் பாத்திரங்கள் பரவிய பின்னர் அந்நோய் அரிதாயிற்று. ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டிலும் ஈயம் பூசாத செம்புக் கலங்களில் காய்ச்சிய பாலால் இவ்வாறே குழந்தைகள் இறந்தமை 1996-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டப்பட்டது.

இவற்றால் அறியக் கிடப்பது ஒன்று. உடல் செம்பைத் தனித்துத் திரிய விடுவதில்லை, காவலரோடு அனுப்புகின்றது. குருதியில் அல்புமின் முதலிய புரதங்கள் அதனை ஏந்திச் செல்கின்றன. அக்காவலர் கூட்டத்தில் மிகச் சிறியதொன்றே நாம் கூற வந்த பெப்டைடு.

1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லோரன் பிக்கார்ட் என்னும் இரசாயன ஆராய்ச்சியாளர் இதனை மனிதக் குருதிநீரிலிருந்து பிரித்தெடுத்தார். முதியோருடைய கல்லீரல் திசுவை இளையோருடைய குருதிநீரில் வைத்தபோது அஃது இளையோர் திசுவைப் போலப் புரதங்களை ஆக்கியது கண்டு, அதற்குக் காரணமான பொருளைத் தேடியதாக அவர் எழுதியுள்ளார். தேடிக் கிடைத்தது கிளைசீன், ஹிஸ்டிடீன், லைசீன் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கோத்த ஒரு சிறு சங்கிலி. புரதங்கள் பல நூறு மணிகள் கோத்த மாலைகளாயின் இது மூன்றே மணிகளின் துண்டு. இதன் முதலிரு மணிகளில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் மூன்று ஒன்றுசேர்ந்து ஒரு செம்பணுவைப் பற்றிக்கொள்கின்றன. நீர் நீலநிறம் பெறுவது இதனாலே. பிடி உறுதியானது, எனினும் வேண்டிய இடத்தில் செம்பைக் கைமாற்றிக் கொடுக்கும் அளவிற்கு நெகிழ்வும் உடையது. இப்பெப்டைடு உயிரணுக்கள் செம்பை உட்கொள்ளத் துணைபுரியலாம் என்று பிக்கார்டும் அவர் துணைவரும் 1980-ஆம் ஆண்டில் எழுதினர்.

அதனினும் வியத்தகு செய்தி 1988-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ரெய்ம்ஸ் நகரத்திலிருந்து வந்தது. மாக்கார் என்பவரும் அவர் துணைவரும், தோலில் இழை நெய்யும் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, செம்பேந்திய இப்பெப்டைடை இட்டனர். அவ்வணுக்கள் முன்னினும் மிகுதியாகக் கொலாஜன் ஆக்கின. மிகுந்த பயன் தந்த அளவு யாதெனின், ஒரு கிராமை ஏறத்தாழ 25 இலட்சம் கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றை ஒரு லிட்டர் நீரிற் கரைத்த அளவாம். மேலும், இம்மூன்று மணிகளும் இதே வரிசையில் கொலாஜனின் சங்கிலியொன்றினுள்ளும் அமைந்திருக்கின்றன. ஆகவே காயம் பட்டு இழைகள் சிதையும்போது, அச்சிதைவிலிருந்தே இத்துண்டு விடுபட்டு, 'இங்கே இழை நெய்க' என்று அண்டையணுக்களை ஏவக்கூடும் என்று அவர்கள் கருதினர். இடிந்த சுவரின் கல்லே கொத்தனை அழைப்பது போன்ற ஏற்பாடு இது. 1993-ஆம் ஆண்டில் எலிகளின் முதுகுத் தோலின் கீழ்க் கம்பிவலைக் கூண்டுகளை வைத்து அவற்றினுள் இம்மருந்தைச் செலுத்தியபோதும் கொலாஜன் மிகுதியாகச் சேர்ந்தது. இம்மட்டும் ஆராய்ச்சிச் சாலையின் உண்மை. இதனைப் பொய்யென்று தள்ளுதல் அறியாமையாம்.

இனி நோயாளியின் படுக்கையருகே செல்வோம். 1992-ஆம் ஆண்டில் காற்சிரை நோயால் வந்த புண்ணுடையார்க்கு மூவகைப் பூச்சுக்களை இட்டு ஒப்பிட்ட தேர்வொன்று வெளியாயிற்று. ஒன்று வெள்ளி சேர்ந்த மருந்து. ஒன்று இச்செம்புப் பெப்டைடு. மற்றொன்று மருந்தில்லா வெறும் பூச்சு. வெள்ளி மருந்து புண்ணைச் சுருக்கியது. செம்புப் பெப்டைடோ வெறும் பூச்சினும் மேம்படவில்லை. 1994-ஆம் ஆண்டில் நீரிழிவுடையாரின் பாதப் புண்களில் முல்டர் முதலியோர் செய்த தேர்வில் நற்பயன் காணப்பட்டது. இவ்வாறு ஒரு தேர்வு இல்லை என, மற்றொன்று உண்டு என்கின்றது. புண்களும் ஒரே வகையின அல்ல. இந்நிலையில் செய்யத்தக்கது யாது? பெருந்தொகையினரைக் கொண்டு மீண்டும் மீண்டும் தேர்ந்து ஐயம் நீக்குதலே. அவ்வாறு உறுதிப்பட்ட புண்மருந்து என்னும் நிலையை இப்பெப்டைடு எய்தவில்லை.

அத்தகைய தேர்வு இயலாததன்று. பெகாப்லெர்மின் என்னும் வளர்ச்சிப் புரதம் நீரிழிவுப் பாதப் புண்ணுக்குத் தேர்வுகளைக் கடந்து 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. அதனாற் புற்றுநோய் மரணம் மிகுமோ என்ற ஐயத்தால் 2008-ஆம் ஆண்டில் எச்சரிக்கை இடப்பட்டது. பின்னர் வந்த சான்றுகளை நோக்கி 2018-ஆம் ஆண்டில் அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. முறையாகத் தேர்ந்த மருந்தை முறையாக ஐயுறவும் கூடும், முறையாக விடுவிக்கவும் கூடும் என்பதற்கு இது சான்று. தேராத மருந்தைக் குற்றஞ்சாட்டவும் வழியில்லை, விடுவிக்கவும் வழியில்லை.

நிற்க. கடையிற் சொல்வதை இனி ஆராய்வோம். குருதியில் இப்பெப்டைடு இருபது வயதில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் அளவாயிருந்து, அறுபது வயதில் 80 ஆகக் குறைகின்றது என்று பிக்கார்டின் கட்டுரைகள் கூறும். இவ்வொரு செய்தியைப் பற்றிக்கொண்டு, 'குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும்' என்று வணிகர் முடிவு கட்டுகின்றனர். முதுமையிற் குறைவன பல. குறைவன எல்லாம் முதுமைக்குக் காரணம் ஆகா. மாலையில் நிழல் நீளுதலால் நிழலைக் குறைத்துப் பகலை மீட்போம் என்பார் உண்டோ?

மேலும், தோலின் புறப்படலம் நீரில் கரையும் பொருள்களை எளிதில் உள்ளே விடாதவாறு அமைந்த மதில். குப்பியில் உள்ள பெப்டைடு முழுவதும் கண்ணாடிக் கலத்தில் கண்ட பயனைத் தோலினுள்ளும் தரும் என்று எண்ணுதல் பொருந்தாது. 2006-ஆம் ஆண்டில் வெளியான சிறியதொரு தேர்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. முகத்தோலை லேசர் ஒளியாற் சீரமைத்துக்கொண்ட 13 பேரில் சிலர்க்கு இப்பெப்டைடு சேர்ந்த பூச்சுக்கள் தரப்பட்டன. சிவப்பும் சுருக்கமும் பிறவும் அளந்து நோக்கிய வல்லுநர் இரு திறத்தாரிடையும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. பூசிக்கொண்டவர்களோ தம் தோல் மிகவும் திருந்திவிட்டதாக மகிழ்ந்தனர். மகிழ்ச்சி பொய்யன்று; ஆனால் அது மருந்தின் வன்மைக்குச் சான்றும் அன்று.

பூசுவதோடு நில்லாமல் இதனை ஊசி வழியே செலுத்திக்கொள்வாரும் உளர். இது நகைத்து விடத்தக்கதன்று. 2023-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், மருந்தகங்களிற் கலந்து ஊசியாகத் தருவதற்கு ஆபத்து ஐயம் உடைய பொருள்களின் வரிசையில் இதனையும் சேர்த்தது. கலப்புத் தூசுகளும், உடலின் எதிர்ப்பைத் தூண்டும் தன்மையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 1973-ஆம் ஆண்டின் முதற் கட்டுரையின் தலைப்பிலேயே, இப்பொருள் நல்ல கல்லீரல் அணுக்களின் வாழ்நாளை நீட்டிக்கும் என்பதோடு, கட்டியின் அணுக்களுடைய வளர்ச்சியைத் தூண்டும் என்பதும் கூறப்பட்டுள்ளது. அஃது ஒரு கலத்திற் கண்ட செய்தியே; மனிதர்க்குத் தீங்கென்று அதனால் முடிவு செய்தல் ஆகாது. ஆயினும் நற்செய்தியில் ஒரு பாதியை மட்டும் குப்பியின்மேல் எழுதி, மற்றொரு பாதியை மறைத்தல் நேர்மை அன்று.

'விரும்புவோர் வாங்கிப் பூசிக்கொள்கின்றனர், தீங்கு பெரிதில்லை, இதனால் யாருக்கு நட்டம்?' என்று சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. பூசிக்கொள்வார்க்குப் பெரும்பாலும் பணமே நட்டம். பெரிய நட்டம் அவர்க்கன்று, புண்ணுடையார்க்கே. ஒரு பொருளை மருந்தென்று விற்க வேண்டுமாயின் அது நோயை நீக்கும் என்பதற்குச் சான்று காட்டல் வேண்டும். அதற்குப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும். அழகுப் பொருளென்று விற்பதற்கு அத்துணைச் சான்று வேண்டுவதில்லை. எளிய வழியிற் பொருள் கிடைக்கும்போது அரிய வழியில் யார் செல்வர்? மேலும், குருதியிலேயே இயல்பாய் உள்ளதும் ஐம்பதாண்டுகளாக அறியப்பட்டதுமான ஒரு பொருளின்மேல் தனியுரிமை கோருதல் அரிது. ஆதலின் பெருந்தேர்விற்குச் செலவிட முன்வரும் வணிகர் அரியர். இவ்வாறு விடை காணத்தக்க ஒரு வினா விடையின்றியே கிடக்கின்றது.

திறந்த புண்ணில் தோலின் மதில் இல்லை என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து நேரே சென்று சேரும் இடம் அதுவே. கொலாஜன் உண்மையில் வேண்டப்படும் இடமும் அதுவே. அத்தகைய புண்ணுடையார் நம் நாட்டிற் சிலர் அல்லர். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடத்திய கணக்கெடுப்பு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று அது காட்டியது. அவர்களுள் பாதத்தின் உணர்ச்சி குன்றி, சிறு முள்ளும் செருப்பின் உரசலும் புண்ணாகி, அப்புண் ஆறாமல் விரலையோ காலையோ இழப்பவர் பலர். உழைத்துண்ணும் குடும்பத்தில் ஒருவன் கால் இழப்பானாயின் குடும்பமே கால் இழந்ததாகும்.

இவ்விடத்தில் தமிழ்நாடு உலகுக்குக் கற்பித்த பாடமொன்று உண்டு. 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் பாதப் புண்கள் ஆறாமைக்குக் காரணம் அவர்தம் தசையின் கேடு என்று பலரும் கருதியிருந்ததை மறுத்தார். நரம்பு செத்தமையால் வலி தோன்றாது. வலி தோன்றாமையால் அவர் புண்ணின்மேலேயே நடப்பர். நடப்பதாலே புண் ஆறாது. சாந்துக் கட்டு இட்டுப் பாதத்தின்மேல் விழும் அழுத்தத்தை நீக்கினால் அத்தசையும் பிறர் தசை போலவே ஆறும் என்று அவர் காட்டினார். பின்னர் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, அவ்வறிவை நீரிழிவுடையாரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். அழுத்தம் நீக்குதல், புண்ணைத் தூய்மை செய்தல், சர்க்கரையை அடக்குதல், நாள்தோறும் பாதத்தைப் பார்த்தல் என்னும் இவையே பாதப் புண் மருத்துவத்தின் அடிப்படை. எத்துணை விலையுயர்ந்த நீலநீரும் இவற்றிற்கு ஈடாகாது. இவற்றோடு சேர்த்து இடும்போது அப்பெப்டைடு மேலும் நன்மை தருமா என்பதே கேட்கத்தக்க வினா.

ஆதலின் எமது கருத்து இது. நீரிழிவுப் புண்களுக்கு இப்பெப்டைடு உதவுமா என்னும் வினாவை வணிகர் கையில் விடாது, அரசின் ஆராய்ச்சிக் கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் பொதுப் பணத்தைக் கொண்டு தேர்ந்து முடிவு கூறல் வேண்டும். நோயாளருள் ஒரு திறத்தார்க்கு மருந்தும், மற்றொரு திறத்தார்க்கு அதே நிறமுள்ள வெறும் பூச்சும் தந்து, யார் எதைப் பெற்றார் என்பதை அளப்பவர் அறியாதவாறு நடத்தும் தேர்வாக அஃது இருத்தல் வேண்டும். உதவும் என்று தெரிந்தால் ஏழைகளுக்கு மலிவான மருந்தொன்று கிடைக்கும். உதவாது என்று தெரிந்தாலும் பயனுண்டு. பணமும் காலமும் வேறு நல்வழியிற் செல்லும். 'இல்லை' என்று தெளிவாகச் சொல்லும் ஆராய்ச்சியும் மக்களுக்குச் செய்யும் தொண்டே.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். இரசாயனமும் உயிர்நூலும் கற்கும் நீங்கள் நாளை ஊரில் கற்றவர் என்று மதிக்கப்படுவீர்கள். இத்தகைய குப்பியைக் காட்டி, 'இது மெய்தானா?' என்று அண்டை வீட்டார் உங்களைக் கேட்பர். அப்போது மூன்று வினாக்களை நீங்கள் எழுப்புதல் வேண்டும். இது கண்டது எங்கே, கண்ணாடிக் கலத்திலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால், எத்தனை பேரில், எதனோடு ஒப்பிட்டு? பயன் என்று சொன்னவர் யார், பூசிக்கொண்டவரா, அறியாது அளந்தவரா? இம்மூன்றையும் கேட்பவர் நம்பிக்கையால் ஏமாறவும் மாட்டார், ஐயத்தால் நன்மையை இழக்கவும் மாட்டார். செம்பு நம் உடலிற் காவலோடு செல்லுமாறு இயற்கை வைத்தது போலவே, மருந்துச் செய்தியும் சான்றென்னும் காவலோடு செல்லுமாயின் மக்கள் நலம் பெறுவர்.